பிரானூர் பார்டர், ஐந்தரை மணி

பிரானூர் பார்டரில் பார்டர் கிடையாது.
ஐம்பத்தாறிலேயே அது மலைப்பக்கம் போய்விட்டது,
பேரை எடுத்துப்போக மறந்து.

மரம் அறுக்கிற மில் வாசலில்
ஐந்தரைக்கு வந்து நின்றேன்.
மகன் அனுப்பிய வெள்ளை ஷூவுக்குள்
வேறு யாரோ நிற்கிற மாதிரி.

“புதுசா?” என்று டார்ச் கேட்டது.
டார்ச்சுக்குப் பின்னால் குழல்வாய்மொழி.
தென்காசி எக்ஸ்சேஞ்சில்
டிரங்க்கால் போட்டுக் கொடுத்தவர்.
லாரி வரும்போதெல்லாம் இன்றைக்கும்
“லைன்ல இருங்க, லைன்ல இருங்க” என்பார்.
பதினொரு பேரும் ஓரத்தில் ஒற்றை வரிசையாவோம்.

சட்டதிட்டம் உண்டு.
சர்க்கரை அளவு வாய்க்கால் பாலம் தாண்டித்தான்.
பிள்ளைகளின் சம்பளம் எங்கேயும் கூடாது.
யார் மெதுவோ அவர் வேகம்தான் எல்லாருக்கும்.
முதல் வாரம் முழுக்க அது என் வேகம்.

புளியரை வரிச்சாவடியில் முப்பத்தொரு வருஷம்.
சாலை என்னிடம் வந்துகொண்டிருந்தது,
நான் அதனிடம் போனதில்லை.
வைக்கோல், செங்கல், கோழித்தீவனம்
எல்லாம் சன்னலுக்கு வந்ததும் தாளாகிவிடும்.
தாளின் மேல் முத்திரை விழும்.
மலை இருந்ததா என்று கேட்டிருந்தால்
ரெஜிஸ்டரைப் புரட்டியிருப்பேன்.

இப்போது சில விஷயம் தெரியும்.
கண்ணுப்புளிமெட்டுப் பாதையில்
வயலுக்குள் மயில் போனால்
மயில் தெரியாது, பயிர் மட்டும்
ஒரு கோடாக அசைந்துகொண்டு போகும்.
சாரல் விழுகிறதா இல்லையா என்பதைச்
சட்டையைத் தொட்டுத்தான் சொல்லமுடியும்.
குண்டாற்றுக் கரையில் உட்கார்ந்தால்
எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு டவுன் பஸ் ஏறிப் புளியரை.
அங்கிருந்து கோட்டவாசல் மேடு.
அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சன் வருவார்,
ரப்பர் எஸ்டேட்டில் பால் எடை போட்டவர்.
பிளாஸ்க் நிறையக் கட்டன் சாயா.
ஆரியங்காவிலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்வார்.
வளைவுக்குப் பின்னால் அவர் ஸ்கூட்டர்
இன்னும் சூடாக இருக்கும்.
யாரும் கேட்பதில்லை.

மைதீன் பிச்சை எப்போதும் என்னோடு பின்தங்குவார்.
முழங்கால் என்றிருந்தேன்.
எஸ் வளைவில் வாயைத் திறந்தார்:
“அண்ணாச்சி, உங்கள எனக்கு முன்னமே தெரியும்.
ஓணத்துக்கு முந்தின ராத்திரி. புடலங்காய் லோடு.
ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு
விடிய விடிய நிறுத்திப்புட்டீங்க.”
நேற்று பெய்த மழையைச் சொல்வதுபோல் சொன்னார்.

தேடிப்பார்த்தேன். எத்தனை ஓணம்,
எத்தனை புடலங்காய்.
இந்த முகம் எதிலும் இல்லை.
“அது நான் இல்லையோ என்னவோ” என்றேன்.
“நீங்கதான். பேனாவக் காதுல சொருகியிருந்தீங்க.”
கை தானாகக் காதுக்குப் போனது.

“காய் என்னாச்சு?”
“பாதி புனலூர்ல தள்ளினேன். பாதி மாட்டுக்கு.”
அப்புறம் இரண்டு பேரும்
மூச்சு வாங்குகிற வேலையைப் பார்த்தோம்.

இறங்கும்போது சாவடி.
வரி எடுபட்டபின் ஆள் இல்லாத அறை,
கதவைக் கரையான் எடுத்துக்கொண்டிருந்தது.
என் சன்னலை வெளியே நின்று
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
என் நெஞ்சுக்கும் கீழே இருந்தது.
பேசுகிறவன் குனிந்தே ஆகவேண்டும்.
நான் அதை அவர்கள் சுபாவம் என்று
எழுதி வைத்திருந்தேன், மனசில்.

மைதீன் பிச்சை பழக்கத்தில் குனிந்து எட்டிப்பார்த்தார்.
“ஆடு குட்டி போட்டிருக்கு” என்றார். “ரெண்டு.”

நானும் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.
கருப்பாக ஒன்று மேசைக்கு அடியில் நின்று
காலைப் பழகிக்கொண்டிருந்தது.
“மூணு” என்றேன்.
நிமிர அவர் தோள் தேவைப்பட்டது.

பஸ் வந்துவிட்டது.
குழல்வாய்மொழி படியில் நின்று
டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டே
எங்களைப் பார்த்துக் கத்தினார்:
“ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்களா?”